நுண்கிருமி ஆய்வாளர் ஆலிஸ் ஈவான்ஸ் அம்மையார்

அமெரிக்க நாட்டில் பாக்டீரியா ஆராய்ச்சியாளர்களுக்கென ஒரு சங்கம் 1899-ஆம் ஆண்டு தோன்றியது. நியூ ஹேவன் நகரில் அதன் முதற்கூட்டம் நடந்தது. வில்லியம் செட்ஜ்விக் என்னும் பேராசிரியர் முதல் தலைவராக அமர்ந்தார். ஆண்டுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பது அச்சங்கத்தின் வழக்கம். அப்பொறுப்பில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களின் தலைவர்களுமாவர், அனைவரும் ஆண்கள். இவ்வாறு இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபின், 1928-ஆம் ஆண்டுக்குரிய தலைவராக ஒரு பெண்மணி அமர்ந்தார். அவர் டாக்டர் பட்டம் பெற்றவர் அல்லர், பேராசிரியரும் அல்லர், ஓர் உழவரின் மகள், கிராமப் பள்ளிக்கூடங்களில் நான்காண்டுகள் பாடஞ் சொல்லிக் கொடுத்தவர். அவர்தாம் ஆலிஸ் காதரின் ஈவான்ஸ் அம்மையார்.

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழா மலரில் கடல் கடந்த நாட்டுப் பெண்மணி ஒருவரின் வரலாற்றை நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. அவர் வாழ்க்கையைத் திசை திருப்பியது கட்டணம் இல்லாத ஒரு வகுப்பு. அது மட்டும் இல்லாதிருந்தால் அவர் பென்சில்வேனியாவின் ஏதோ ஒரு சிற்றூரில் எழுத்தும் எண்ணும் கற்பித்துக்கொண்டே முதுமை எய்தியிருப்பார்.

பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்போர்டு வட்டத்தைச் சேர்ந்த நீத் என்னும் சிற்றூரில் 1881-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29-ஆம் நாள் அவர் பிறந்தார். வேல்ஸ் நாட்டிலிருந்து குடிபெயர்ந்தோர் வாழ்ந்த ஊர் அது. தாயார் பதினான்கு வயதில் அங்கிருந்து கப்பலேறி வந்தவர். தந்தையார் உழவுத் தொழிலோடு நில அளவையும் செய்தவர்; சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தவர்; அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரராகப் பணியாற்றியவர். குழந்தைக்கு ஐந்து, ஆறு வயதாகும்வரை பெற்றோரே வீட்டில் வைத்து எழுத்தறிவித்தனர். பிறகு ஊரில் இருந்த ஓரறைப் பள்ளி. அதன்பின் டவாண்டா என்னும் ஊரிலிருந்த உயர்நிலைக் கல்விக்கூடத்தில் பயின்று 1901-இல் தேறினார்.

கல்லூரி சேர வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டிலோ பணமில்லை. அக்காலத்தில் படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த வாயில் ஆசிரியர் வேலை ஒன்றே. வேறு வழியின்றி அதனை ஏற்றார். அவ்வேலை அவருக்குச் சலிப்பூட்டியது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. பெரியோர் வரலாறு எழுதுவோர், அவர்கள் தொட்ட தொழிலையெல்லாம் விரும்பியே செய்ததாக எழுதிவிடுகின்றனர். ஈவான்ஸ் அம்மையார் ஆசிரியர் தொழிலிலிருந்து விடுபடும் வழியை நான்காண்டுகள் தேடிக்கொண்டிருந்தார் என்பதே உண்மை.

வழி 1905-இல் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம் கிராம ஆசிரியர்களுக்காக இரண்டாண்டு இயற்கை அறிவு வகுப்பு ஒன்றைக் கட்டணமின்றி நடத்தி வந்தது. செடி, பூச்சி, பறவை, மண் ஆகியவற்றைப் பற்றி ஆசிரியர்கள் கற்றுத் திரும்பினால், கிராமக் குழந்தைகள் தங்கள் மண்ணை நேசித்து நகரங்களுக்கு ஓடாமல் இருப்பர் என்பது அவ்வகுப்பை ஏற்படுத்தியோரின் கருத்து. ஈவான்ஸ் அம்மையாரைப் பொறுத்தமட்டில் அது நேர்மாறான பயனையே தந்தது! அறிவியலின் சுவை கண்ட அவர் கிராமப் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. அப்பல்கலைக்கழகத்து வேளாண்மைக் கல்லூரியிலும் அந்நாளில் கட்டணம் இல்லை. ஆகவே அங்கேயே தொடர்ந்து படித்து, 1909-இல் பாக்டீரியா இயலில் இளநிலைப் பட்டம் பெற்றார். அடுத்து விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஓர் உபகாரச் சம்பளம் அளித்தது. அதுகாறும் பெண் எவருக்கும் வழங்கப்படாத உபகாரச் சம்பளம் அது. 1910-இல் முதுநிலைப் பட்டமும் கிடைத்தது.

உயிர்ச்சத்து ஆராய்ச்சியால் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற எல்மர் மக்காலம் என்பவர் அங்கு அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். டாக்டர் பட்டத்துக்கும் படிக்குமாறு அவர் ஊக்கினார். ஆயினும் அம்மையார் வேலைக்கே போனார். பல ஆண்டுகள் கையில் காசின்றிப் படித்த ஒருவர், சம்பளம் தரும் வேலை கண்முன் நிற்கும்போது மேலும் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சொல்பவர் அந்நிலையில் இருந்து பார்த்தவராக இருத்தல் வேண்டும். பிற்காலத்தில் அவர் வேறு பல்கலைக்கழகங்களில் சில பாடங்களைப் பயின்றாரெனினும், டாக்டர் பட்டத்துக்கான படிப்பை முடிக்கவில்லை. அந்தக் குறையை எதிரிகள் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் பால்பண்ணைப் பிரிவில் அவருக்கு வேலை. முதல் மூன்றாண்டுகள் மாடிசன் நகரில் பாலாடைக்கட்டியின் சுவையைக் கூட்டும் கிருமிகளை ஆராய்ந்தார். 1913-இல் தலைநகராகிய வாஷிங்டனில் புதிய ஆராய்ச்சிக்கூடம் எழுந்தபோது அங்கு மாற்றப்பட்டார். பெண் விஞ்ஞானி ஒருவர் நிரந்தரப் பணியாளராக வருகிறார் என்னும் செய்தி ஓர் அலுவலர் கூட்டத்தில் வெளிப்பட்டபோது, அங்கிருந்த அதிகாரிகள் திகைப்பால் நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவார் போல ஆயினர் என்று அக்கூட்டத்துக்குக் குறிப்பெடுத்த ஒருவர் பின்னர் அவரிடம் சொன்னாராம். எவரும் அவரை விரும்பி அழைக்கவில்லை, தகுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, அதனால் வந்தார். அங்கு உடன் பணியாற்றியோர் அவரை மரியாதையாகவே நடத்தினர் என்பதையும் கூறவேண்டும்.

இனி அவருடைய கண்டுபிடிப்புக்கு வருவோம். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டாத் தீவில் ஆங்கிலப் படைவீரர்களை ஒரு காய்ச்சல் நெடுங்காலமாக வாட்டி வந்தது. ஏறியிறங்கி வாரக்கணக்கில், திங்கள் கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், மூட்டு வலி, இரவில் உடலை நனைக்கும் வியர்வை. டேவிட் புரூஸ் என்னும் படை மருத்துவர் 1887-இல் அதன் கிருமியைக் கண்டார். அது உருண்டை வடிவினது எனக் கருதி அதற்கேற்பப் பெயரும் இட்டார். ஆட்டுப் பாலின் வழியாகவே அக்காய்ச்சல் மனிதரை அடைகிறது என்பதை 1905-இல் ஸம்மித் என்னும் மால்ட்டா மருத்துவர் கண்டறிந்தார். மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது.

இதற்கிடையே டென்மார்க்கு நாட்டுக் கால்நடை மருத்துவர் பேங் என்பவர், பசுக்கள் குறைமாதத்தில் கன்று வீசுவதற்குக் காரணமான ஒரு கிருமியை 1897-இல் கண்டார். அது கோல் வடிவினது எனக் கொண்டு வேறு இனத்தில் வைத்துப் பெயரிட்டார். ஒன்று மனிதர் மருத்துவ நூல்களில் புகுந்தது. மற்றொன்று மாட்டு மருத்துவ நூல்களில் புகுந்தது. இரு திறத்தாரும் ஒருவர் நூலை மற்றவர் புரட்டிப் பார்ப்பது அரிது. இவ்வாறு இருபது ஆண்டுகள் சென்றன.

கறந்த பாலில் உள்ள கிருமிகளை ஆராயும் பணி ஈவான்ஸ் அம்மையாருக்குத் தரப்பட்டிருந்தது. நோயுற்றதாகத் தோன்றாத பசுக்களின் பாலிலும் கன்று வீச்சுக் கிருமி இருக்கக் கண்டார். ஆட்டுப்பால் வழியே வரும் கிருமியையும் இதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் என்ன என்று எண்ணினார். ஒப்பிட்டார். வளர்ப்புக் குழம்பில் இரண்டும் ஒன்றுபோலவே வளர்ந்தன. உருவத்திலும் வேறுபாடு காண்பதற்கில்லை. ஒன்றுக்கு எதிராக உண்டாக்கிய சீரம் மற்றதையும் திரளச் செய்தது. சினையுற்ற சீமை எலிகளுக்குச் செலுத்தியபோது இரண்டுமே கருவைச் சிதைத்தன. ஆதலின் இவை ஏறக்குறைய ஒரே கிருமி. பசும்பாலைக் காய்ச்சாமல் அருந்துவோருக்கும் இந்நோய் வரக்கூடும் என்னும் முடிவுக்கு வந்தார். 1917-ஆம் ஆண்டு டிசம்பரில், நாம் முதலிற் கூறிய சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இதனைப் படித்தார். மறு ஆண்டு கட்டுரையாகவும் வெளியாயிற்று.

நம்புவார் இல்லை. அப்படி ஓர் ஒற்றுமை இருந்திருப்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பேரறிஞர் எவரேனும் முன்னமே கண்டிருக்க மாட்டாரா என்று கேட்டனர். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இக்கேள்வியினுள் வேறொரு கேள்வியும் ஒளிந்திருந்தது: பட்டமில்லாத ஒரு பெண்ணா இதைக் காண்பது? பால் வியாபாரிகள் சிலர், பாலைச் சுடவைக்கும் எந்திரம் செய்வோருடன் இவர் கூட்டுச் சேர்ந்துள்ளார் என்றுகூடப் பழி கூறினர்.

எதிர்த்தோருள் தலையாயவர் தியோபால்டு ஸ்மித். அவரைச் சிறியவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. மாட்டு உண்ணிகளின் வழியே நோய் பரவுவதை உலகுக்கு முதலில் மெய்ப்பித்தவர் அவர். மனிதரின் காசநோய்க் கிருமி வேறு, மாட்டின் காசநோய்க் கிருமி வேறு எனப் பிரித்துக் காட்டியவரும் அவரே. மாட்டுக் கிருமிகளைப் பற்றி அமெரிக்காவில் அவரைவிட அறிந்தவர் இல்லை. அவருடைய ஐயத்திலும் ஒரு பொருள் இருந்தது. நாடெங்கும் பாலில் இக்கிருமி மலிந்திருக்கின்றது. கோடிக்கணக்கானோர் அப்பாலைக் குடிக்கின்றனர். அங்ஙனமாயின் நோயாளிகள் எங்கே? இதுவே கேள்வி. அம்மையாருக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. விடை பின்னர் வந்தது. நோயாளிகள் எங்கும் இருந்தனர். டைபாய்டு, மலேரியா, காசநோய், வாதம், விஷக்காய்ச்சல் என்று வெவ்வேறு பெயர்களின் கீழ் அவர்களை மருத்துவர்கள் எழுதி வைத்திருந்தனர்! பசுவின் கிருமி ஆட்டின் கிருமியளவு கொடியதன்று என்பதும் உண்மையாயிற்று.

1918-இல் அம்மையார் பொதுநலத் துறையின் சுகாதார ஆராய்ச்சிக்கூடத்துக்கு மாறினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற தேசியச் சுகாதார நிறுவனமாக வளர்ந்தது அதுவே. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கான சீரம் பற்றிய பணி அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டின் விஷக்காய்ச்சலில் தாமும் படுத்து எழுந்தார். ஆனால் மனம் பழைய ஆராய்ச்சியிலேயே இருந்தது. 1920-இல் கலிபோர்னியாவில் கார்ல் மேயரும் உடனாய்ந்தோரும் அம்மையாரின் முடிவு சரியே என உறுதி செய்து, இரு கிருமிகளையும் ஓரினத்தில் சேர்த்து, புரூஸின் நினைவாகப் புரூசெல்லா என்று பெயரிட்டனர். அதன் பிறகு பல நாடுகளிலிருந்தும் சான்றுகள் வந்து குவிந்தன.

இங்கே சற்று நின்று நம் நாட்டை நினைத்துப் பார்க்கலாம். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பதால், பால் வழியே இந்நோய் வருவது நமக்குக் குறைவு. ஆனால் நோய் வரும் வழி பால் மட்டுமன்று. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்போர், ஈற்றுக்கு உதவுவோர், தோலுரிப்போர், இறைச்சிக்கூடத்தில் வேலை செய்வோர் ஆகியோரின் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் கண் வழியாகவும் இக்கிருமி உட்புகும். நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவது நம் ஊர்களில் கண்ட வழக்கமே. செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலை எவர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது என்பதை இம்மலரைப் படிப்போருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மூட்டு வலியென்றும் தீராக் காய்ச்சலென்றும் நம் முன்னோர் படுத்த படுக்கைகளுள் எத்தனை இக்கிருமியால் ஆனவையோ, கணக்கெடுத்தார் இலர். நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசியை அரசே போடும் திட்டம் நாடு முழுவதுக்குமாக 2019-இல்தான் தொடங்கப்பட்டது. கன்று வீசிய மாட்டைத் தொட்டவருக்குக் காய்ச்சல் கண்டு வாரக்கணக்கில் நீடித்தால், மாட்டைத் தொட்ட செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுதல் வேண்டும். சொன்னால் இரத்தத்தைச் சோதிப்பர். ஏற்ற மருந்துகளை ஆறு வாரம் உண்டால் பெரும்பாலோர் குணமடைவர்.

ஈவான்ஸ் அம்மையாருக்கு அம்மருந்து வாய்க்கவில்லை. 1922-இல் ஆராய்ச்சியின்போது அக்கிருமி அவரையே பற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காய்ச்சலும் சோர்வும் வலியும் வருவதும் போவதுமாக இருந்தன. நீடித்த நிலையில் அந்நோயை அடையாளம் காணும் முறையை மருத்துவர்கள் அன்று அறியார். சோதனையில் ஒன்றும் தென்படாதபோது, இது நரம்புத் தளர்ச்சி, அதாவது மனத்தால் உண்டான நோய் என்று முடிவு கட்டினர். அந்நோயின் கிருமியைப் பற்றி அவரைவிட அறிந்தவர் அந்நாட்டிலேயே சிலர்தாம். அவரிடமே அவ்வாறு கூறினர்! சில ஆண்டுகளுக்குப் பின் அவர் உடலிலிருந்து எடுத்ததில் கிருமியே வளர்ந்து காட்டியபோதுதான் அவர் பொய்யாகப் படுக்கவில்லை என்பது ஐயமற விளங்கிற்று. இத்துன்பத்தையும் அவர் வீணாக்கவில்லை. நாள்பட்ட புரூசெல்லா நோயைப் பற்றி 1934-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். நரம்புத் தளர்ச்சி எனத் தள்ளப்பட்ட பலருக்காக அது பேசியது.

சங்கத் தலைமை அவரைத் தேடி வந்த 1928-ஆம் ஆண்டு இந்நோய்க் காலத்தின் நடுவே அமைந்தது. தலைமை என்பது ஓராண்டுப் பதவிதான், சம்பளமில்லை, பெரிய அதிகாரமும் இல்லை. ஆயினும் அதன் பொருளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அறிவியல் தொழிலில் இருப்போருக்குச் சங்கமே ஊர். அங்கேதான் கட்டுரை படிக்கப்படுகிறது, மறுக்கப்படுகிறது. இன்னாருக்கு இன்ன இடத்தில் வேலை உண்டு என்னும் செய்தியும் அங்கேதான் காதில் விழுகிறது. பதினோராண்டுகளுக்கு முன் எந்தச் சங்கத்தின் கூட்டம் அவர் சொல்லை நம்ப மறுத்ததோ, அச்சங்கமே அவரைத் தலைமை நாற்காலியில் அமர்த்தியது. ஆனால் அந்த ஒரு தேர்தலால் வழி முழுதும் திறந்துவிட்டது என்று எண்ணுவோர் அடுத்த பெண் தலைவர் எப்போது வந்தார் என்று பார்த்தல் வேண்டும். ரெபெக்கா லான்ஸ்பீல்டு அம்மையார் 1943-இல்தான் அப்பதவிக்கு வந்தார். இடையில் பதினைந்து ஆண்டுகள்.

1930-இல் பாரிசு நகரில் நடந்த முதல் அனைத்துலக நுண்ணுயிரியல் மாநாட்டுக்கு அமெரிக்கப் பிரதிநிதிகளுள் ஒருவராக அவர் சென்றார். 1936-இல் இலண்டன் மாநாட்டுக்கும் சென்றார். பல்கலைக்கழகங்கள் மதிப்புறு பட்டங்கள் அளித்தன. பால் டி கிரைப் என்னும் எழுத்தாளர் சாவை எதிர்த்த ஆடவர் என்னும் பொருள்படும் தலைப்பில் 1932-இல் வெளியிட்ட நூலில் அவருக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். தலைப்பை மாற்ற வேண்டும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை போலும்! இவற்றைக் காட்டிலும் மேலான பயன் பால் பண்ணைகளில் விளைந்தது. பாலை ஏறத்தாழ 63 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்தால் காசநோய்க் கிருமியும் இக்கிருமியும் சாகும். சிகாகோ நகரம் 1908-லேயே இம்முறையைக் கட்டாயமாக்க முற்பட்டிருந்தது. எனினும் நாட்டின் பெரும்பகுதியில் பச்சைப் பாலே நல்லது என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. நோயற்றதாகத் தோன்றும் பசுவின் பாலும் தீங்கு செய்யும் என அம்மையார் காட்டியது அவ்வெண்ணத்தை அசைத்தது. முப்பதுகளில் ஊருக்கு ஊர் பாலைச் சுடவைத்தல் சட்டமாயிற்று.

1945-இல் அவர் ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக் காலத்தில் பெண்கள் அறிவியல் தொழிலில் நுழைவதைப் பற்றிப் பல இடங்களில் பேசினார். தம் வரலாற்றையும் எழுதி வைத்தார்.

அவருடைய எண்பத்தைந்தாம் வயதில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுவோம். முதியோருக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம் 1966-இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கான விண்ணப்பத்தில், பொதுவுடைமைச் சார்புள்ள அமைப்புகளில் தமக்குத் தொடர்பில்லை என உறுதி கூறும் பகுதி ஒன்று இருந்தது. அம்மையாருக்கு அத்தகைய தொடர்பு எதுவும் இருந்ததில்லை. கையொப்பமிட்டு உதவியைப் பெற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் அவ்வாறு கேட்பது குடிமக்களின் கருத்துரிமைக்கு மாறானது என்று கூறி மறுத்துவிட்டார். அப்பகுதி அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்பதை 1967 ஜனவரியில் நீதித்துறை ஒப்புக்கொண்டது.

அச்சங்கம் 1960-இன் இறுதியில் அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் எனப் பெயர் மாறியிருந்தது. 1975-இல் அது அவரை மதிப்புறு உறுப்பினராக்கியது. அவ்வாண்டே செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியா நகரில், தொண்ணூற்று நான்காம் வயதில் ஈவான்ஸ் அம்மையார் காலமானார்.